வாடாத மாலை

"திருச்சி வெயிலில் இன்ஜினுக்கு ஹீட்டர் எதற்கு சார்?" என்று கேட்காமல் நம் சர்வீஸ் வேலைக்கு இதுவரை ஒருவரும் வந்ததில்லை. நானும் கேட்டவன்தான். சித்திரை மாதத்தில் ஜெனரேட்டர் அறைக்குள் நுழைந்தால் இட்லிக் கொப்பரைக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அங்கே சும்மா நிற்கிற இன்ஜினுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி இருபத்து நாலு மணி நேரமும் கரண்டைத் தின்றுகொண்டு, உள்ளே இருக்கிற கூலண்ட் திரவத்தைச் சூடு பண்ணிக்கொண்டிருக்கும். பார்த்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

அதைப் பற்றித்தான் ஆபீஸில் எழுதச் சொன்னார்கள். "சார், புதுசா வந்திருக்கிறவங்களுக்கு ஹீட்டர் மெயின்டனன்ஸ் பத்தி நாலு பக்கம் எழுதிக் கொடுங்க. நீங்க ரிட்டயர் ஆகி சும்மாத்தானே இருக்கீங்க" என்றார்கள். சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அவர்களுக்குத் தெரியாது. போகட்டும்.

மெயின்டனன்ஸ் எல்லாம் இன்ஜினோடு வருகிற புத்தகத்திலேயே இருக்கிறது. ரப்பர் ஹோஸை அமுக்கிப் பாருங்கள், கல்லாக இருந்தால் மாற்றுங்கள். தெர்மோஸ்டாட் வேலை செய்கிறதா பாருங்கள். கூலண்ட் நிரப்பும்போது உள்ளே காற்று தங்கவிடாதீர்கள், தங்கினால் ஹீட்டர் காய்ந்து கருகிப்போகும். அவ்வளவுதான். நம் ஊருக்கென்று ஒன்றே ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: கஸ்டமர் எவ்வளவு பக்தியோடு கொடுத்தாலும் கூலண்டுக்குப் பதிலாக வேறு தண்ணீரை ஊற்றாதீர்கள். ஒரு ரைஸ்மில்காரர் அம்மா மண்டபத்துப் படித்துறையிலிருந்து குடத்தில் காவிரித் தண்ணீர் கொண்டுவந்து ரேடியேட்டரில் விட்டுவிட்டு, "இதைவிடச் சுத்தமான தண்ணி உலகத்துல இருக்காங்க?" என்று என்னையே கேட்டார். காவிரி மனுஷனின் பாவத்தைக் கழுவும், இன்ஜினுக்குத் துருவைத்தான் கொடுக்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மீதிப் பக்கங்களை வேறொரு விஷயத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். ஆபீஸில் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

முதலில் ஹீட்டர் எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். நம் ஜெனரேட்டர் மாதக்கணக்கில் தூங்கும். கரண்ட் போனால் கண்மூடித் திறப்பதற்குள் எழுந்து முழுச் சுமையையும் தூக்கவேண்டும். ஆழ்ந்து தூங்குகிறவனை உலுக்கி எழுப்பி, அந்த நொடியே தலையில் நெல் மூட்டையை வைத்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளாதா? ஹீட்டர் இன்ஜினை வெதுவெதுப்பாக வைத்துக்கொள்கிறது. கை வைத்துப் பார்த்தால் லேசாகக் காய்ச்சல் அடிக்கிற குழந்தையின் நெற்றி மாதிரி இருக்கவேண்டும். அப்படி இருந்தால் இன்ஜின் எதற்கும் தயார்.

இனி ஒரு நூல் மில். மணப்பாறை ரோட்டில் இருந்தது, இப்போது இல்லை. அங்கிருந்த எலக்ட்ரீஷியனிடம்தான் நான் ஜெனரேட்டரைக் கட்டுப்படுத்துகிற பேனல் வேலை கற்றேன். என்னைவிட மூத்தவர், கைராசிக்காரர், பெயர் வேண்டாம். அந்த மில்லில் ஹீட்டர் கருகிப்போய்ப் பல மாதம் ஆகியிருந்தது. புதிது வாங்கித் தரவில்லை. தினமும் கரண்ட் போகிற காலம் அது. கரண்ட் போனதும் சூப்பர்வைசர் கத்துவார், இவர் ஓடிப்போய் ஜில்லென்று இருக்கிற இன்ஜின்மேல் முழு லோடையும் ஸ்விட்சைப் போட்டுக் கையால் தள்ளுவார். மழைக்காலம் முழுக்க இப்படியே ஓடியது. ஒருநாள் பிஸ்டன் உராய்ந்து இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. லட்சக்கணக்கில் செலவு. ஹீட்டர் வாங்கித் தராதவர்களை யாரும் கேட்கவில்லை. தள்ளியவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் போனபோது அவர் இன்ஜினைத் துடைத்துக்கொண்டிருந்தார். செத்துப்போன இன்ஜினை எதற்குத் துடைக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். அன்றிலிருந்து நான் கை வைத்த ஒவ்வொரு பேனலிலும் ஒரு கட்டளை போட்டேன். கூலண்ட் நாற்பது டிகிரிக்குக் கீழே இருந்தால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும், ஓடும், ஆனால் லோடு எடுக்காது, அதாவது கரண்ட் கொடுக்காது. சூடேறும்வரை வெறுமனே ஓடிக்கொண்டிருக்கும். இதை ஒரு சாதனையாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். மில்லுக்கு, ஆபீஸுக்கு, துணிக்கடைக்கு எல்லாவற்றுக்கும் அதே நாற்பது.

ஒரு ஹேச்சரிக்கும் அதே நாற்பதைப் போட்டேன்.

ஹேச்சரி என்றால் கோழிக்குஞ்சு பொரிக்கும் இடம். சமயபுரம் தாண்டி, ஹைவேயை விட்டு உள்ளே போகவேண்டும். பீரோ மாதிரிப் பெரிய பெட்டிகள் வரிசையாக நிற்கும், உள்ளே தட்டுத் தட்டாக முட்டை. மூன்று வாரம் சூட்டில் வைத்து, கடைசியில் பொரிப்பறைக்கு மாற்றுவார்கள். அங்கே குஞ்சுகள் ஓடு உடைத்து ஆயிரக்கணக்கில் ஒன்றாக வெளியே வரும். அந்த நேரத்தில் உள்ளே ஃபேன் நிற்கக்கூடாது. நின்றால் அவற்றின் மூச்சும் சூடுமே அவற்றை அமுக்கிவிடும்.

நான் ஸ்ரீரங்கத்தில் பிறந்தவன். எங்கள் வீட்டில் முட்டை என்ற சொல்லைக்கூட மெல்லத்தான் சொல்வோம். அந்த ஹேச்சரிக்கு சர்வீஸுக்குப் போய்விட்டு வந்தால் என் மனைவி வாசலிலேயே நிறுத்தி, "நேரா ஸ்நானம் பண்ணிட்டு உள்ளே வாங்கோ" என்பாள். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்த இடம் பிடிக்கும். பொரிக்கிற நாளில் கதவுக்கு வெளியே நின்றால் ஒரு கீச்சுச் சத்தம் கேட்கும், மழை பெய்கிறமாதிரி நிற்காமல். வேலை முடிந்தபின்னும் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு வருவேன்.

அங்கே கரண்ட் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் பொறுப்பு செல்வராணி. உப்பிலியபுரம் பக்கத்துப் பெண். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்துவிட்டு, எங்கெங்கோ வேலை கேட்டு, பெண் என்று திருப்பி அனுப்பப்பட்டு, கடைசியில் இங்கே சேர்ந்தவள். சேலைக்கு மேலே காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு இருப்பாள். அந்த வேலையை அவள் எப்படிப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியும். அறை முழுக்கப் பெருக்கித் துடைத்து, டீசல் சொட்டு இல்லாமல் வைத்திருப்பாள். என் கஸ்டமர்களில் ஹீட்டர் ஹோஸ் விரிசலை நான் சொல்லுமுன் கண்டுபிடித்துச் சொன்ன ஒரே ஆள் அவள்தான்.

ஒரு வருஷம் ஆயுதபூஜை முடிந்து நான் போயிருந்தபோது அவள் கோபமாக இருந்தாள்.

"சார், பூக்காரம்மா ஏமாத்திட்டாங்க. இன்ஜினுக்குப் போட்ட மாலை மத்தியானத்துக்குள்ள கருகிப்போச்சு. மத்த மெஷினுக்குப் போட்டதெல்லாம் மறுநாள் வரைக்கும் நல்லா இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பூக்காரம்மா மேல பழி போடாதே. உன் இன்ஜினுக்கு எப்பவும் காய்ச்சல் இருக்கே, அது மேல போட்டா பூ வாடாம என்ன செய்யும்? மாலை வாடினா ஹீட்டர் நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம். சந்தோஷப்படு" என்றேன். அவளும் சிரித்தாள். மாலையை ஃபேன் பெல்ட் பக்கம் தொங்கவிட்டிருந்ததற்காகத் திட்டினேன், அதற்கும் சிரித்தாள். பெல்ட் பக்கம் பூ கட்டுகிறவர்களை நான் மன்னிப்பதே இல்லை, நீங்களும் மன்னிக்காதீர்கள்.

அடுத்த வருஷ ஆயுதபூஜைக்கு முதலாளி நேரில் வந்து நின்று பூஜை நடத்தினார். முட்டைப் பெட்டிகளை நிறுத்த முடியாது, அவை பூஜையிலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஓய்வு கொடுக்க முடிந்த ஒரே பெரிய மெஷின் ஜெனரேட்டர்தான். அதற்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, மாலை போட்டு, கற்பூரம் காட்டப் போகும்போது ஹீட்டரின் சிவப்பு விளக்கு எரிவதை முதலாளி பார்த்துவிட்டார். "பூஜையில இருக்கிற மெஷினுக்குக் கரண்ட் ஓடலாமா? அதை அமத்தும்மா" என்றார். ராணி அமர்த்தினாள். பூஜை முடிந்ததும் போடலாம் என்று நினைத்திருந்தாளாம். ஆனால் பூஜையில் வைத்த கருவியை மறுநாள் மறுபூஜை முடியும்வரை யாரும் தொடக்கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம். முதலாளி மறுநாள் நல்ல நேரம் பார்த்து வந்துதான் மறுபூஜை. அதுவரை இன்ஜின் மாலையோடு ஓய்வில் இருந்தது. மழை வேறு பிடித்துக்கொண்டது.

மறுநாள் விஜயதசமி. காலையில் ராணி போன் செய்தாள். நான் கொலுவுக்கு முன்னால் உட்கார்ந்து முந்தினநாள் சுண்டலைக் காலி செய்துகொண்டிருந்தேன்.

"சார், விஜயதசமி வாழ்த்துகள் சார். பூஜை ரொம்ப நல்லா நடந்துச்சு."

"சந்தோஷம்மா."

"இந்த வருஷம் மாலை வாடவே இல்ல சார். நேத்துப் போட்டது, இப்பத்தான் கட்டினமாதிரி இருக்கு. முதலாளி நல்ல சகுனம்னு சொல்றாரு. சரி சார், இன்னிக்குப் பொரிப்பு நாள், வேலை இருக்கு."

"பேஷ், பேஷ். நல்லது" என்றேன், வாய் நிறையக் கடலையோடு.

என் மனைவி உள்ளேயிருந்து, "யாரு, கோழிக்காராளா? கொலு முன்னாடி உக்காந்துண்டு கோழியைப் பத்திப் பேசாதேங்கோ" என்றாள். நான் அதற்குப் பதில் சொல்லி, அவள் அதற்கு ஒன்று சொல்லி, பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

நான்தான் அவளுக்கு அந்தப் பாடத்தைச் சொன்னவன். மாலை வாடினால் ஹீட்டர் வேலை செய்கிறது என்று என் வாயால் சொன்னவன். வாடவில்லை என்று அவள் சொன்னபோது அது என் காதில் விழுந்தது, அதற்கு மேல் போகவில்லை. அவளுக்கு அன்று சந்தோஷம், எனக்குச் சுண்டல். இரண்டு பேரில் ஒருவராவது ஒரு நொடி நின்றிருக்கலாம். எனக்கு நிற்க வேண்டிய கடமை அதிகம். ஒரு வார்த்தை, "ஹீட்டரைப் பாரு" என்ற ஒரே வார்த்தை போதும். அன்று சொல்லாத அந்த வார்த்தையை அதற்குப் பிறகு எத்தனை முறை தனியாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன் தெரியுமா?

அரை மணி நேரம் ஆகியிருக்கும். மறுபடி போன்.

"சார், கரண்ட் போயிருச்சு. இன்ஜின் ஸ்டார்ட் ஆயிருச்சு, நல்லா ஓடுது. ஆனா லோடு எடுக்க மாட்டேங்குது சார்."

"டெம்பரேச்சர் என்ன காட்டுது?"

"இருபத்தாறு சார்."

அப்போதுதான் மாலை எனக்குப் புரிந்தது. "ஹீட்டர் ஆஃப்ல இருந்துதா?"

"பூஜைக்காக நேத்து அமத்தினது சார். இப்ப போட்டுட்டேன்."

இப்போது போட்டு என்ன பிரயோசனம்? அடுப்பைப் பற்றவைத்த மறுநொடி உலை கொதித்துவிடுமா? லோடு இல்லாமல் வெறுமனே ஓடுகிற இன்ஜின் நாற்பதுக்கு ஏற நேரம் எடுக்கும். பத்து நிமிஷம் ஆகலாம், கால் மணியும் ஆகலாம்.

"கையால தள்ளிரட்டுமா சார்? ஸ்விட்ச் பக்கத்துலதான் நிக்கிறேன்."

"வேணாம் ராணி. இன்ஜின் ஜில்லுன்னு இருக்கு. பொறு. நாப்பது வந்தா அதுவே எடுத்துக்கும்."

"குஞ்சு வெளிய வந்துட்டிருக்கு சார்."

"பொரிப்பறைக் கதவெல்லாம் திறந்து விட்டாச்சா?"

"திறந்தாச்சு சார்."

"அப்ப பொறு. அவசரப்படாதே."

அவள் "சரிங்க சார்" என்றாள்.

இந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் நிற்கவேண்டும். ஜில்லென்ற இன்ஜின்மேல் லோடு தள்ளினால் கெட்டுப்போகும் என்பது உண்மை. ஆனால் மழைக்காலம் முழுக்கத் தினமும் தள்ளினால்தான் கெடும். ஒருநாள், ஒரே ஒருமுறை தள்ளினால் இன்ஜின் முனகும், கரும்புகை விடும், தாங்கிக்கொள்ளும். அதுவும் இருபத்தாறு டிகிரியில். இது எனக்குத் தெரியாதா? முப்பது வருஷம் இன்ஜினோடு குடித்தனம் நடத்தினவனுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் அவள் "தள்ளிரட்டுமா" என்று கேட்ட நொடியில் எனக்குள்ளே அந்த நூல் மில் எலக்ட்ரீஷியன்தான் எழுந்து நின்றார், கையில் துடைக்கிற துணியோடு. நான் சொன்ன பதில் அவருக்காகச் சொன்னது. என் அறிவு வாயைத் திறப்பதற்குள் என் பயம் பேசி முடித்துவிட்டது.

மறுபூஜைக்கு வந்திருந்த முதலாளி போனைப் பிடுங்கினார். என்னை அவர் சாமி என்றுதான் கூப்பிடுவார்.

"சாமி, இன்ஜின் ஓடுது, கரண்ட் வரல. இது என்ன கூத்து சாமி? உள்ள எல்லாம் சாகுது!"

"இன்னும் கொஞ்ச நேரம். சூடேறட்டும். இப்பத் தள்ளினா இன்ஜினே போயிடும்."

அவர் போனைக் கையில் பிடித்துக்கொண்டே பொரிப்பறைக்கு ஓடினார். கட் செய்ய மறந்துவிட்டார். எனக்கு எல்லாம் கேட்டது. ஆட்கள் தட்டுகளை வெளியே இழுக்கிற சத்தம், யாரோ அட்டையால் விசிறச் சொல்லிக் கத்துவது, எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கீச்சுச் சத்தம். நான் நின்று கேட்டு ரசிக்கிற அதே சத்தம்தான். முதலில் காதைப் பிளந்தது. பிறகு குறைந்தது. மனைவியிடம் சொல்லாமலேயே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன், போன் காதிலேயே இருந்தது.

கொள்ளிடம் பாலத்தைத் தாண்டுவதற்குள் ராணி வேறு போனிலிருந்து கூப்பிட்டு, "எடுத்துருச்சு சார்" என்றாள். அந்தக் குரலில் ஒன்றும் இல்லை. சமயபுரத்தில் விஜயதசமிக் கூட்டம், வேனும் காரும் அடைத்துக்கொண்டு நகரவே விடவில்லை. வாழைப்பழத்தட்டு வாங்கச் சொல்லி ஒருவர் கார்க் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே கூட வந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

வெளியே மழைத் தூறலில் தட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். ஓரத் தட்டுகளில் இருந்தவை பிழைத்துவிட்டன. நடுத்தட்டுகளில் இருந்தவை பிழைக்கவில்லை. எத்தனை என்று நான் கேட்கவும் இல்லை, சொல்ல வந்தவர்களைச் சொல்லவிடவும் இல்லை. பிறந்து ஒரு பொழுதுகூட ஆகாதவை, மயிர் ஈரம்கூடக் காயவில்லை. என் வாழ்க்கையில் ஒரு கோழிக்குஞ்சை நான் கையில் எடுத்தது அன்றுதான்.

ஜெனரேட்டர் அறையில் இன்ஜின் முழு லோடில் கம்பீரமாக ஓடிக்கொண்டிருந்தது. மாலை அப்போதுதான் வாடத் தொடங்கியிருந்தது. ராணி அதைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

முதலாளி என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் ஒரு காலி டிரேயைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். "நான்தான் சாமி அமத்தச் சொன்னேன். லைட் எரியுதேன்னு சொன்னேன். அந்தப் பிள்ளைய ஒண்ணும் சொல்லிராதீங்க" என்றார். எனக்குத் திட்டு வாங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீங்க சொன்னது பெரிசில்லை. நான் பொறுக்கச் சொன்னதுதான்" என்று சொன்னேன். "இன்ஜின் போயிருந்தா நாளைக்கு என்ன பண்றது சாமி? நீங்க சரியாத்தான் சொன்னீங்க" என்று எனக்கே சமாதானம் சொன்னார்.

ராணியை யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை. அவளாகத்தான் போனாள், பொங்கலுக்கு முன்னால். போவதற்கு முன் எனக்கு ஒருமுறை போன் செய்தாள். "பொரிப்பு நாள்ல அந்தச் சத்தம் கேட்டா சார், கையில டெஸ்டர் நிக்க மாட்டேங்குது" என்றாள். ஏதாவது சொல்லி அவளை இருக்க வைத்திருக்கவேண்டும். "பாத்துக்கோம்மா" என்று மட்டும் சொன்னேன். எத்தனை இடத்தில் கெஞ்சி அவள் பிடித்த வேலை அது என்று தெரிந்தவன் நான். வருத்தப்படுவதற்கு எனக்கு அதுவும் ஒன்று.

அந்த வாரமே ஹேச்சரிப் பேனலைத் திறந்து, நான் போட்ட கட்டளையை எடுத்தேன். பிறகு என் கையில் இருந்த எல்லா இடத்துக்கும் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: இந்த ஒயரின் மறுமுனையில் என்ன இருக்கிறது? நூல் என்றால் காத்திருக்கும். அறுந்தால் முடிந்துகொள்ளலாம். உயிர் என்றால் இன்ஜின் நாசமாகப் போனாலும் போகட்டும் என்று லோடு எடுக்கவேண்டும். இரண்டுக்கும் ஒரே நாற்பதைப் போட்டுவிட்டு சாதனை என்று நினைத்தவன் நான். நீங்கள் யாராவது பழைய பேனலை அப்படியே காப்பியடித்து செட்டிங் போட்டால், நான் ரிட்டயர் ஆனவன் என்றுகூடப் பார்க்காமல் ஆபீஸுக்கு வந்து திட்டுவேன்.

இதோடு முடித்திருப்பேன். போன தை மாதம் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் என் மனைவியின் தங்கை மகனுக்குக் கல்யாணம். முகூர்த்தத்துக்குச் சற்று முன்னால் கரண்ட் போயிற்று. "ஐயையோ" என்று நாலு பேர் சொல்லி முடிப்பதற்குள் விளக்கு வந்துவிட்டது. மேலே ஃபேன் சுற்றல்கூட நிற்கவில்லை. நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்தாமலே தொடர்ந்தார். மற்றவர்கள் மணமேடையைப் பார்த்தார்கள். எனக்குத் தொழில் புத்தி போகவில்லை, யாருடைய இன்ஜின் இது என்று பார்க்கப் பின்பக்கம் போனேன்.

சேலைக்கு மேலே காக்கிச் சட்டை. தலையில் அங்கங்கே நரை. என்னைப் பார்த்ததும், "சார்!" என்று கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

ஹீட்டர் பெட்டியின் மேல் ஒரு முழம் மல்லிகைப்பூ கட்டியிருந்தது. காய்ந்து பழுப்பாகியிருந்தது.

"பெல்ட் பக்கம் கட்டலையே?" என்றேன்.

"கட்டுவனா சார், நீங்க திட்டுவீங்கல்ல" என்று சிரித்தாள். "தினமும் சாயங்காலம் ஒரு முழம் பூ சார். விடியறதுக்குள்ள கருகணும். கருகலைன்னா ஹீட்டர் போச்சுன்னு அர்த்தம். வாட்ச்மேன், சமையல்காரங்க எல்லாருக்கும் சொல்லி வெச்சிருக்கேன். பூ வாடலைன்னா என்னைத் தேடிக்கிட்டு ஓடி வருவாங்க."

நான் இன்ஜின்மேல் கை வைத்துப் பார்த்தேன். லோடு எடுத்துச் சில நிமிஷம்தான் ஆகியிருந்தது, நல்ல சூடு. அந்தச் சூட்டில் கையை வைத்துக்கொண்டே, இத்தனை வருஷம் சொல்ல நினைத்ததைச் சொல்லிவிட்டேன்.

"ராணி, அன்னிக்கு நான் உன்னைத் தள்ளச் சொல்லியிருக்கணும். இன்ஜின் தாங்கியிருக்கும். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பொறுக்கச் சொல்லிட்டேன்."

அவள் துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். இன்ஜின் சத்தத்தில் நான் சொன்னது கேட்கவில்லையோ என்று நினைத்தேன்.

"அன்னிக்கு ஒரு கையில போனு, ஒரு கை இன்ஜின் மேல இருந்துச்சு சார்" என்றாள். "அதோட ஓட்டம் கையில தெரிஞ்சுது. சுத்தமா ஓடுச்சு, ஒரு தடங்கல் இல்ல. தாங்கும்னு எனக்கும் தெரியும் சார்."

"அப்புறம் ஏம்மா தள்ளல?"

"நீங்க வேணாம்னுட்டீங்களே சார்."

குத்திக்காட்டுகிற குரலே இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். உள்ளே கெட்டிமேளம் கொட்டினார்கள். "போங்க சார், தாலி கட்டப் போறாங்க" என்று என்னை அவளே அனுப்பி வைத்தாள். அட்சதையைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றேன், எப்போது போட்டேன் என்று நினைவில்லை.

அவள் என்னிடம் அனுமதி கேட்டாள். அவளுக்கு என்ன தோன்றுகிறது என்று நான் அவளிடம் கேட்டிருக்கவேண்டும். இன்ஜினிலிருந்து நான் எத்தனையோ மைல் தள்ளி, கொலுவுக்கு முன்னால் இருந்தேன். அவள் கை இன்ஜின்மேல் இருந்தது. ஆனாலும் என் வார்த்தைதான் எடுபட்டது, நான் சார் என்பதால்.

நீங்களும் சீக்கிரமே யாருக்காவது சார் ஆகிவிடுவீர்கள். எங்கிருந்தோ ஒருவர் பதறிக்கொண்டு போன் செய்வார். தள்ளு என்றோ பொறு என்றோ சொல்லுமுன், "உங்க கை எது மேல இருக்கு? அது என்ன சொல்லுது?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

நான் கேட்கவில்லை.